ஜெயிச்சது சாதா சைக்கிள்தான்

அக்கா, கால் பத்திரம். அதை மிதிச்சிராதீங்க. தவில் இல்லைங்க, பரிசலும் இல்லை. சக்கரம். சைக்கிள் சக்கரம்தான், உறைக்குள்ள இருக்கு. இப்பத்தான் கண்டக்டர் ஒரு பாட்டம் சண்டை போட்டுட்டுப் போறாரு, பாத்தீங்கல்ல, லக்கேஜ் டிக்கெட் போடணுமாம். "ஏங்க, சைக்கிளுக்குப் போடுவீங்க சரி, சக்கரத்துக்குமா போடுவீங்க? அப்ப நாளைக்குப் பெல்லுக்கும் போடுவீங்களா?"ன்னு கேட்டேன். அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு. என்கிட்ட வாய் குடுத்து யாரும் ஜெயிச்சதில்லை. சைக்கிள்ல வேணா ஜெயிச்சிருக்காங்க. அதுவும் எப்படிங்கறதைச் சொல்றேன், கேளுங்க. மெட்ராஸ் போய்ச் சேர அஞ்சு மணி நேரம் இருக்கு, இந்த வெளிச்சத்துல தூங்கவா போறீங்க?

என் பேரு பிலோமினா. திருச்சி பொன்மலைப் பக்கம். வேலை சைக்கிள் ஓட்டுறது. சிரிக்காதீங்க அக்கா, நிஜமாத்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுத்தாங்க. எந்த டிபார்ட்மெண்ட்னு சொல்ல மாட்டேன், அது எதுக்கு. காலையில அஞ்சரைக்கு ரோட்டுல இருக்கணும், பதினோரு மணிக்கு ஆபீஸ்ல போய் ஃபைலைப் புரட்டணும், சாயங்காலம் மறுபடி ரோடு. பதினஞ்சு வருஷமா இதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு, "ஊர்ல எல்லாரும் சைக்கிள்ல வேலைக்குப் போறாங்க, நீ சைக்கிளுக்கே வேலைக்குப் போறே"ன்னு.

இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க சங்கத்து மீட்டிங். பந்தயம் நடத்துற சங்கம். அங்க ஒரே ஒரு கேள்விதான். தனி ஓட்டத்துக்குன்னே செஞ்சு விக்கிறாங்களே ஒரு விசேஷ வண்டி, அதை நம்ம பந்தயத்துல விடலாமா, விடக் கூடாதா. ஒவ்வொரு டீம்லயும் ஒரு ஓட்டக்காரர் பேசலாம், அஞ்சு நிமிஷம். எங்க டீமுக்கு நான்தான். விடக் கூடாதுன்னு பேசப் போறேன். மனுவும் இந்த ஃபைல்ல இருக்கு.

தனி ஓட்டம்னா என்னன்னு சொல்லிடறேன், இல்லைன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. டைம் ட்ரையல்னு சொல்லுவோம். கூட்டமா ஓட்டுறது இல்லை. நிமிஷத்துக்கு ஒருத்தரா விடுவாங்க. நீங்க, ரோடு, கடிகாரம், அவ்வளவுதான். கூட்டமா ஓட்டுறப்ப முன்னாடி போறவன் முதுகுக்குப் பின்னாடி காத்துக்கு ஒளிஞ்சுக்கலாம். இதுல ஒளிய இடமே இல்லை. யாருக்கு எவ்வளவு தம் இருக்குன்னு பட்டுனு தெரிஞ்சுரும். அதனாலதான் எனக்கு இது உசிரு. எங்க டீம்ல ஒன்பது வருஷம் பொம்பளைங்க தனி ஓட்டம்னா பிலோமினாதான், வேற பேச்சே கிடையாது.

அந்த வண்டியை டிடி பைக்னு சொல்லுவோம், டைம் ட்ரையலைத்தான் சுருக்கி டிடின்னு. ஹேண்டில்பார்ல முன்னாடி ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கும். முழங்கையை ஊனி, ரெண்டு கையையும் சேர்த்து, ஜெபம் பண்ற மாதிரி குனிஞ்சுக்கணும். தலையைத் தூக்கக் கூடாது, தூக்கினா காத்து பிடிச்சுக்கும். பின் சக்கரத்துல கம்பியே கிடையாது, தாம்பாளம் மாதிரி மூடியிருக்கும். அதுதான் உங்க காலடியில இருக்கறது. கை ஒரு இடத்துல, பிரேக்கு ஒரு இடத்துல. திடீர்னு ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னு வைங்க, கையை எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டு போறதுக்குள்ள கதை முடிஞ்சுது. ஆடு கதை இல்லை, நம்ம கதை.

அந்த வண்டியைக் கூட்டமா ஓட்டுற பந்தயத்துல விடுவாங்களா? விட மாட்டாங்க. ஆபத்துன்னு அவங்களே சட்டம் எழுதி வெச்சிருக்காங்க. செங்குத்தா மலை ஏறணும்னா அதைத் தொடுவாங்களா? மாட்டாங்க, சாதா வண்டியைத்தான் தேடுவாங்க. அப்ப நேர் ரோட்டுல, தனியா, குனிஞ்சு போறதுக்கு மட்டும் ஒரு வண்டி. ரோட்டுப் பந்தயத்துல, மத்த எந்த ரோட்டுக்கும் ஆகாத வண்டிக்கு என்ன வேலை? என் கேள்வி அதுதான். வெளிநாட்டுலயே இப்ப பெரிய பெரிய ஆளுங்க இதைக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு போன்ல பாத்தேன். நான் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கேட்டவ.

சாதான்னா பால்காரர் சைக்கிள்னு நினைச்சுக்காதீங்க. என் வண்டியும் நல்ல வண்டிதான். கார்பன். ஒரு விரல்ல தூக்கிரலாம். விலையா? ஒண்ணே முக்கால் லட்சம். ஏன் அப்படி முழிக்கிறீங்க? அது அந்தக் காலத்து விலை, டிபார்ட்மெண்ட் வாங்கிக் குடுத்தது. அது இல்லை விஷயம். அது எல்லா ரோட்டுக்கும் போகும், அதுதான் விஷயம்.

போன வருஷம் எங்க டீமுக்கு ஒரே ஒரு டிடி பைக் வந்துச்சு. எங்க கோச் மகுடபதி சார் அதைப் பிரிச்சுப் பூட்டி நிறுத்திட்டு, என்னைக் கூப்பிட்டு, "பிலோ, நீதான் சீனியர், ஏறு"ன்னாரு. ஆமாக்கா, எனக்குத்தான் முதல்ல குடுத்தாங்க. நான் வேணாம்னுட்டேன். "இதுல ஏறி ஜெயிச்சா வண்டி ஜெயிச்சதா, நான் ஜெயிச்சதா சார்?"னு கேட்டேன். "ரெண்டும்தான்மா"ன்னாரு. "அப்ப பரிசுல பாதியை வண்டிக்குக் குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் அந்த வண்டி இலக்கியாகிட்டப் போச்சு. இலக்கியான்னு எங்க டீம்ல ஒரு சின்னப் பொண்ணு. அரூர்ப் பக்கம். அப்பா லோடு வேன் ஓட்டுறாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க டீமுக்கு வந்தா, இருபத்தொரு வயசுல. உயரம் அச்சு அசல் நான்தான், அஞ்சடி நாலு. ஆனா ஆள் ஊமைக்கோட்டான். பத்து வார்த்தை பேசினா ஒரு வார்த்தை பதில் வரும், அதுவும் "சரிக்கா". ஒரு விஷயத்துல மட்டும் எதிர்த்துப் பேசுவா, இந்த வண்டி விஷயத்துல. ஒரு நாள் பஞ்சர் ஒட்டிக்கிட்டே கேக்கறா, "அக்கா, நீங்க கார்பன் வண்டியில வந்தப்ப, இரும்பு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவங்க உங்களைத் திட்டலையா?" எப்படிக் கேக்கறா பாருங்க! திட்டினாங்கதான். செல்வராணி அக்கான்னு ஒருத்தங்க என்கூட ஒரு வருஷம் பேசவே இல்லை. அது வேற, இது வேற. அதைச் சொன்னா அவளுக்கு எங்க புரியப் போகுது.

இந்த வருஷம் அகில இந்தியப் பந்தயத்துக்குத் தனி ஓட்டத்துல பொம்பளை ஒருத்திக்குத்தான் இடம். ஒருத்தி. எனக்கு வயசு முப்பத்தெட்டு. இதை விட்டா அடுத்தது கிடையாது, அது எனக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும். டிபார்ட்மெண்ட்ல நாப்பதுக்கு மேல சைக்கிளைப் பிடுங்கிட்டு முழு நேரமும் நாற்காலியைக் குடுத்துருவாங்க. அந்த ஒரு இடத்துக்காக போன மாசம் தேர்வு ஓட்டம் வெச்சாங்க.

புதுக்கோட்டை ரோடுதான். பத்து கிலோமீட்டர் போகணும், அங்க ரோட்டு நடுவுல ஒரு தார் டிரம்மு நிறுத்தியிருப்பாங்க, அதைச் சுத்தித் திரும்பி வரணும். நான் என் வண்டி. அவ டிடி பைக். நான் உசிரைக் குடுத்து மிதிச்சேன் அக்கா, பொய் சொல்லலை. வந்து சேர்ந்தப்ப வாயில ரத்த ருசி. முப்பத்தோரு நிமிஷம் நாப்பது செகண்ட். அவ? முப்பது நிமிஷம் அஞ்சு செகண்ட். ஒண்ணரை நிமிஷத்துக்கும் மேல! எங்க ஓட்டத்துல ஒண்ணரை நிமிஷம்னா என்னன்னு தெரியுமா? நான் ரோட்டுல திணறிக்கிட்டு இருக்கேன், அவ ஷூவைக் கழட்டிட்டு மோர் குடிச்சுக்கிட்டு இருக்கா.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அங்கயே, பதினஞ்சு பேர் நிக்கிறாங்க, ஜீப் டிரைவர் முதற்கொண்டு, சத்தம் போட்டேன். "இது அவ ஓட்டலை, அந்த மெஷின் ஓட்டுச்சு. சாதா சைக்கிள்ல வந்து என்னை ஜெயிச்சுக் காட்டட்டும். வேளாங்கண்ணி மாதா மேல ஆணை, அன்னைக்கே பந்தயத்துக்கு ஒரு கும்பிடு போட்டுடறேன்!" கோச் சார், "பிலோ, வாயை அடக்கு"ங்கறாரு. நான் அடக்கற ஆளா? எழுத்துலயும் ஆட்சேபணை குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவளே வந்தா. "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை அதே ரோட்டுல ஓட்டுவோம். நீங்க டிடியில வாங்க, நான் உங்க வண்டியில வர்றேன். நீங்க ஜெயிச்சா நீங்க போங்க"ன்னா. யாரும் கேக்கலை அக்கா அவளை. ஜெயிச்சு, பேரும் போர்டுல எழுதியாச்சு. கையில இருக்கறதைத் தூக்கி மறுபடி பந்தயத்துல வைக்கிறா. திமிரு பாருங்க! அவ்வளவு திமிரு. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவரு சோத்துல கையை வெச்சுக்கிட்டே, "அது திமிரு இல்லைடி, அந்தப் பிள்ளைக்கு உன் மேல மரியாதை"ன்னாரு. இவருக்கு என்ன தெரியும், இவரு ஸ்கூட்டர் ஓட்டுறவரு.

ஆனா நான்தான் அந்த மெஷின்ல ஏற மாட்டேன்னவளாச்சே? அதைத்தானே கேக்கறீங்க, உங்க முகத்துலயே தெரியுது. நல்லா யோசிச்சேன். ஏறினாத்தானே அந்த மெஷின் எவ்வளவு திருடுதுன்னு கணக்கோட காட்ட முடியும்? அதுக்குத்தான் ஏறினேன். இடத்துக்காக ஏறலை. இடமும் கிடைச்சா வேணாம்னா சொல்லப் போறேன், அது வேற.

மூணு நாள் பழகினேன் அதுல. முதல் நாள் பயம். லாரி ஒண்ணு பக்கத்துல போச்சு, பின் சக்கரம் அப்படியே தள்ளுது. ரெண்டாம் நாள் கழுத்து திரும்பலை. மூணாம் நாள்... உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது, ஊர் பேர் தெரியாதவங்க. நல்லாயிருந்துச்சு அக்கா. குனிஞ்சு உக்காந்து ஒரு வேகத்துக்கு வந்ததும் அந்தச் சக்கரம் 'வூம் வூம்'னு ஒரு சத்தம் போடும். காத்து நம்மளை விட்டு ஒதுங்கிப் போகும். பதினஞ்சு வருஷமா காத்தோட மல்லுக்கட்டினவளுக்கு அது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் சொல்லலை. இது பிசாசோட வேலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணி. அதே பதினஞ்சு பேர், கூட இன்னும் பத்து பேர். விஷயம் பரவிருச்சு. அவளை முதல்ல விட்டாங்க, என் வண்டியில. ஹேண்டில்ல பச்சை டேப் நான்தான் சுத்தினது. சீட்டைத் தொடவே இல்லை அவ, அளவு அப்படியே இருந்துச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு என்னை விட்டாங்க.

போறப்ப பறந்தேன். முதுகுக் காத்து வேற. டிரம்முகிட்ட நெருங்கறப்ப எதிர்ல அவ திரும்பி வர்றா. அப்பத்தான் என் வண்டியை நான் எதிர்ல பாத்தேன். எட்டு வருஷமா அது மேல உக்காந்தே இருந்திருக்கேன், வேற ஒருத்தி ஓட்டி முன்னாடியிலிருந்து பாத்ததே இல்லை. என்ன அழகாப் போகுது! எனக்கு ஒரு நிமிஷம் அவ மேல இருந்த கோவம்கூட மறந்துருச்சு. டிரம்மைச் சுத்தறேன், அங்க வாட்சோட நின்னவரு கத்தறாரு, "பிலோ, ரெண்டு செகண்ட் நீ முன்ன இருக்கே!" ரெண்டு செகண்ட். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

திரும்பி வர்றப்ப எதிர்க்காத்து. எதிர்க்காத்துன்னா அந்த வண்டிக்குக் கொண்டாட்டம். சாதா வண்டியில வர்றவ நெஞ்சை நிமித்திக் காத்தை வாங்கணும். நாம குனிஞ்சு நுழைஞ்சு வந்துரலாம். அப்படி இருக்கையில கடைசி மூணு கிலோமீட்டர்ல கால் வரலை. வண்டி போகத் தயாரா இருந்துச்சு. நான்தான்... சரி, அந்த வண்டி எனக்குப் பழக்கம் இல்லைன்னு வெச்சுக்கங்க. மூணு நாள் போதுமா ஒரு வண்டி பழக?

வந்து சேர்ந்தேன். கோச் சார் ரெண்டு வாட்சையும் சேர்த்துப் பிடிச்சுப் பாக்கறாரு. இலக்கியா முப்பது நாப்பத்தொன்பது. நான் முப்பது அம்பத்தாறு. ஏழு செகண்ட்ல அவ.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? கையை ரெண்டையும் மேல தூக்கிக் கத்தினேன். "பாத்தீங்களா! சாதா சைக்கிள்தான் ஜெயிச்சுது! நான் சொன்னதுதான் ஜெயிச்சுது!" ஆமாக்கா, சத்தியமா. எல்லாரும் என்னையே பாக்கறாங்க, சிரிக்கறதா அழறதான்னு தெரியாம. ஜீப் டிரைவர் கை தட்ட ஆரம்பிச்சு, பக்கத்துல பாத்துட்டு நிறுத்திட்டாரு. நான் விடலை. "சார், எழுதுங்க. போன வாரம் சாதாவுல நான் முப்பத்தொண்ணு நாப்பது. இன்னைக்கு அந்த மெஷின்ல முப்பது அம்பத்தாறு. அதே ரோடு, அதே காலு. நாப்பத்தி நாலு செகண்ட் மெஷின் குடுத்தது. நான் சும்மா உக்காந்து வாங்கிக்கிட்டேன். இது நியாயமா?"ன்னேன். நாப்பத்தி நாலு! இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?

மகுடபதி சார் பெரிய மனுஷன், கோவமே வராது. மெதுவாச் சொல்றாரு, "பிலோ, உன் கணக்கு சரி. அதே கணக்கை இன்னும் ஒரு வரி போடு. சாதாவுல நீ முப்பத்தொண்ணு நாப்பது, அவ முப்பது நாப்பத்தொன்பது. அம்பத்தோரு செகண்ட். டிடியில அவ முப்பது அஞ்சு, நீ முப்பது அம்பத்தாறு. அதுவும் அம்பத்தொண்ணு." நான் சொன்னேன், "அது எப்படி சார், அது வேற நாள், இது வேற நாள். காத்து வேற, வெயில் வேற. வேற வேற நாளை வெச்செல்லாம் கணக்குப் போடக் கூடாது"ன்னு.

என்னக்கா சிரிக்கிறீங்க? நாப்பத்தி நாலும் வேற வேற நாள்தானேன்னா? நீங்க டீச்சரா? சொல்லவே இல்லை. அன்னைக்குக் கோச் சாரும் இப்படித்தான் சிரிச்சாரு. எனக்கு அப்ப வெயில்ல மண்டை காய்ஞ்சு கிடந்துச்சு, அதெல்லாம் தோணலை.

இலக்கியா என் வண்டியைத் துணியால துடைச்சு, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, கொண்டாந்து நிறுத்தினா. பக்கத்துல வந்து, "அக்கா, அன்னைக்கு நீங்க மாதா மேல என்னமோ சொன்னீங்களாம், நான் மோர் குடிச்சுக்கிட்டு இருந்தேன், காதுல விழலை"ன்னா. பொய்! என் மூஞ்சிக்கு நேரா நின்னுதான் கேட்டா. எனக்குப் பிச்சை போடறா. "உனக்கு விழலைன்னா என்ன, மாதாவுக்கு விழுந்துருச்சு"ன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டேன், இனிமே ஓட்டலைன்னு. சொன்ன சொல் சொன்ன சொல்தான். நான் அந்த மெஷின்ல இருந்தேன், அதனால செல்லாதுன்னு சொல்லியிருக்கலாம். எங்க வீட்டுக்காரர்கூட அப்படிச் சொல்லிப் பாருன்னாரு. எனக்கு நாக்கு புரளலை.

கோச் சார் அந்தக் கடுதாசியை வாங்கி மேஜைக்குள்ள போட்டுக்கிட்டாரு. "மீட்டிங் முடியட்டும்மா. அங்க ஓட்டக்காரங்கதான் பேச முடியும். பேசிட்டு வா, அப்புறம் மேல அனுப்பறேன்"ன்னாரு. அவருக்கு டிடி பைக் வேணும்னுதான் எண்ணம். இருந்தாலும் என்னை அனுப்பறாரு. இந்தச் சக்கரத்தை உறையில போட்டுக் கட்டிக் குடுத்ததும் இலக்கியாதான். "காட்டுங்கக்கா, கையில பிடிச்சுப் பாத்தாத்தான் அவங்களுக்குப் புரியும். புதன்கிழமைக்குள்ள கொண்டாந்துருங்க, வியாழக்கிழமை எனக்கு ரயிலு"ங்கறா. எதிர்க்கட்சிக்கே ஆயுதத்தை எடுத்துக் குடுக்கறா, என்ன பொண்ணோ! இதுலதான் அவ அகில இந்தியாவுக்குப் போகணும். அதனாலதான் யார் காலும் படாம பாத்துக்கிட்டு வர்றேன். நான் எதிர்க்கறது சட்டத்தை, சக்கரத்தை இல்லை.

விழுப்புரம் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் மூணு மணி நேரம். ஒரு முறுக்கு எடுத்துக்கங்க.

மனுவை ஆபீஸ்ல டைப் அடிச்சாங்க. டைப் அடிச்ச தம்பி நல்லதுக்குத்தான் பண்ணான், பேர் போடாம 'வீராங்கனை ஒன்று, வீராங்கனை இரண்டு'ன்னு அடிச்சு வெச்சிருந்தான். "அக்கா, உங்க பேர் வந்தா உங்களுக்குத்தானே சங்கடம்"ங்கறான். அடிச்சதைக் கிழிச்சுப் போடச் சொன்னேன். பேர் போடு, நாலு நேரத்தையும் போடு, எதையும் விடாதே. ஒண்ணு ரெண்டுன்னா யாருக்கு என்ன தெரியும்? காத்துல எழுதின மாதிரி. பிலோமினா எந்த வண்டியில எவ்வளவு, இலக்கியா எந்த வண்டியில எவ்வளவு, எல்லாம் இதுல இருக்கு. பாருங்க. கீழ என் கையெழுத்து.

நேத்து ராத்திரி, படுத்துக்கிட்டே பேசிப் பழகிப் பாத்தேன். அஞ்சு நிமிஷம்தானே. ரோட்டுக்கு ஒரு வண்டி போதும்னு ஆரம்பிக்கணும். ஒரு வண்டி வாங்கவே நாய்படாத பாடு படற ஊர்ல, ரெண்டாவதும் இருந்தாத்தான் தனி ஓட்டத்துக்கு வரலாம்னு ஆக்கிட்டா, அரூர்லயிருந்தும் துறையூர்லயிருந்தும் வர்ற பிள்ளைங்க எங்க போகும்னு கேக்கணும். நாப்பத்தி நாலு செகண்டைச் சொல்லணும். அது வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் சங்கத்துக் கமிட்டியில ஒருத்தர் இருக்காரு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, காகிதத்தை வரி விடாம படிக்கிறவரு. அவரு கேப்பாரு. கட்டாயம் கேப்பாரு. "ஏம்மா, இதுல இருக்கறபடி பாத்தா நீங்க எந்த வண்டியில போயிருந்தாலும் அந்தப் பொண்ணுகிட்டத் தோத்துத்தானே இருப்பீங்க?"

அங்க வந்து நின்னுபோச்சு அக்கா. காத்து வேற, வெயில் வேறன்னு மூணு தடவை சொல்லிப் பாத்தேன், இருட்டுல எனக்கே வெக்கமா இருந்துச்சு. டிரம்முகிட்ட ரெண்டு செகண்ட் நான் முன்ன, முடிவுல ஏழு செகண்ட் அவ முன்ன. எதிர்க்காத்துல, என்னோட சாதா வண்டியில, ஒன்பது செகண்ட் என்கிட்டயிருந்து எடுத்திருக்கா. எங்கிருந்து எடுத்தா? எந்த மெஷின் குடுத்துச்சு அவளுக்கு? என் வண்டி! எட்டு வருஷமா எனக்குக் குடுக்காததை அவளுக்கு எப்படிக் குடுத்துச்சு?

எனக்கு அழுகை வந்தா கோவமாத்தான் வரும். இப்பவும் கோவம்தான் வருது, கண்டுக்காதீங்க. அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன். ஜெயிச்சவ போய் அந்த வண்டி வேணாம்னு சொல்லுவாளா? அவளுக்கு எதுக்கு அந்தத் தலைவலி. தோத்தவ சொன்னா வயித்தெரிச்சல்ம்பாங்க. ஓட்டாதவன் சொன்னா உனக்கு என்ன தெரியும்பாங்க. அப்ப யாருதான் சொல்றது? தோத்தவ வாயில வந்துச்சுங்கறதுக்காக நியாயம் நியாயம் இல்லாமப் போயிருமா? நாப்பத்தி நாலு செகண்ட் நாப்பத்தி நாலு செகண்ட்தானே? நான் தோத்ததால அது குறைஞ்சிருமா என்ன?

கேக்கட்டும் அவரு. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டே கேக்கட்டும். எழுந்து நின்னு சொல்லுவேன், "ஆமா சார். எந்த வண்டியில போயிருந்தாலும் நான் தோத்துத்தான் இருப்பேன். அவ என்னைவிட நல்லா ஓட்டுறா. அதைத் தெரிஞ்சுக்க இந்தச் சக்கரம் தேவையே இல்லை."

இப்பத்தான் அக்கா முதல் தடவை வாய்விட்டுச் சொல்றேன். எப்படி இருக்கு? குரல் நடுங்குச்சா? இருங்க, இன்னொரு தடவை சொல்றேன், ரெண்டு மணிக்குள்ள நடுங்காமச் சொல்லணும்.